அந்தக் குழாய் எங்கே போனது?

வாசகர் கேள்விகளுக்கு மயக்க மருந்து மருத்துவர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஏழெட்டு, தொண்டை வழியாகப் போடும் சுவாசக் குழாயைப் பற்றியே இருந்தன. தக்கலையிலிருந்து வந்த கடிதத்தைப் படித்த பிறகு வேறு எதற்கும் பதில் எழுத மனம் வரவில்லை. தூக்க மாத்திரை, முதுகில் ஊசி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு நிமோனியா. மூச்சு வாங்கிக்கொண்டேதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆனாலும் தானே நடந்து வண்டியில் ஏறினார், வழியெல்லாம் பேசினார். ராத்திரி, குழாய் போட வேண்டும் என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். போட்ட பத்தாவது நிமிடம் இதயம் நின்றுவிட்டது. குழாய் போட்டதால்தான் போனார் என்று கொழுந்தன் சொல்கிறார். முன்னாடியே சலைன் ஏற்றியிருந்தால் தப்பியிருப்பாரா என்று மகன் கேட்கிறான். கையெழுத்துப் போட்டவள் நான். ஒரு வருடமாகச் சரியான தூக்கம் இல்லை.
– வாசகி, தக்கலை

அக்கா, என் வயதை ஒட்டியவர் என்று கடிதத்தில் தெரிகிறது, அதனால் இப்படியே கூப்பிடுகிறேன். உங்கள் கையெழுத்து அவரைக் கொல்லவில்லை. இந்த ஒரு வரியை இரண்டு தடவை படித்துவிட்டு மீதிக்கு வாருங்கள்.

நிமோனியா முற்றி நிமிடத்துக்கு நாற்பது தடவை மூச்சு வாங்குகிறவர்கூடப் பேசுவார், நடப்பார். உடம்பு அட்ரினலினைச் சுரந்து சுரந்து ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும். பக்கத்தில் நிற்கிற நமக்கு அது தெரியாது. குழாய் போடுவதற்காகத் தூங்க வைக்கும் மருந்து உள்ளே போனதும் அந்தப் பிடி தளர்ந்துவிடும். அப்புறம் இன்னொன்று. நாமாக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் ஓர் உறிஞ்சல் உண்டாகி, ரத்தம் இதயத்துக்கு எளிதாகத் திரும்பி வரும். இயந்திரமோ காற்றை உள்ளே தள்ளுகிறது. அப்போது திரும்பி வரும் ரத்தம் குறையும். இந்த இரண்டும் ஒரே சில நிமிடங்களுக்குள் நடப்பதால்தான் குழாய் போடும் நேரம் இவ்வளவு ஆபத்தானது.

2021-ல் இன்ட்யூப் என்ற ஆய்வு வெளியானது. 29 நாடுகளில், உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த 2,964 பேருக்குக் குழாய் போட்டபோது என்ன நடந்தது என்று பதிவு செய்திருந்தார்கள். நூற்றுக்கு 45 பேருக்கு ஏதாவதொரு பெரிய சிக்கல் வந்தது. அதில் மிக அதிகம் ரத்த அழுத்தம் விழுந்ததுதான். நூற்றுக்கு மூன்று பேருக்கு இதயமே நின்றது. குழாய் போடாமல் விட்டிருந்தால் மட்டும் அவர்கள் பத்திரமாக இருந்திருப்பார்களா என்றால், இல்லை. மூச்சுத் தசைகள் களைத்து ஓய்ந்துபோகிற கட்டத்தில்தான் நாங்கள் குழாயை எடுக்கிறோம்.

மகனின் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. 2022-ல் 1,065 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் குழாய் போடும் முன்பு அரை லிட்டர் சலைன் ஏற்றினார்கள். அவர்களில் 21 சதவீதம் பேருக்கு ரத்த ஓட்டம் சரிந்தது. ஏற்றாதவர்களில் 18.2 சதவீதம். அதாவது பலன் இல்லை. நானும் பல வருடம் கேட்காமலே ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டவள்தான். மகனிடம் சொல்லுங்கள், அப்பா போனது சலைன் போடாததால் அல்ல.

அன்று ராத்திரி என்ன நடந்தது என்பதை உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வழி உண்டு. மருத்துவக் குறிப்பேட்டின் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் விதிமுறை சொல்கிறது. வாங்கி, உங்களுக்கு நம்பிக்கையான ஒரு டாக்டரிடம் காட்டி நான்கு விஷயம் கேளுங்கள். மருந்து கொடுக்கும் முன்பு ரத்த அழுத்தம் எவ்வளவு? ஆக்சிஜன் அளவு எவ்வளவு? எத்தனை முயற்சியில் குழாய் போனது? சரியான இடத்துக்குத்தான் போனது என்று எப்படி உறுதி செய்தார்கள்? பதில் தெரிந்தால் கொழுந்தனின் பேச்சு உங்களை இவ்வளவு அறுக்காது என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போட்டபோது நீங்கள் அவர் பிழைக்க வேண்டும் என்றுதானே போட்டீர்கள் அக்கா.

*

கேள்வி: குழாய் போடுவது என்றால் கழுத்தில் ஓட்டை போடுவதா?
– வாசகர், குளச்சல்

இல்லை. முதலில் போடுவது வாய் வழியாக, குரல் நாண்களுக்கு நடுவே, மூச்சுக்குழலுக்குள். கழுத்தில் துளையிடுவது டிரக்கியாஸ்டமி. வென்டிலேட்டர் பல நாள் தேவைப்படும் என்று தெரிந்தால் பிறகு அதைச் செய்வார்கள். சீக்கிரம் செய்தால் உயிர் பிழைக்க வாய்ப்பு கூடுமா என்று இங்கிலாந்தில் 900-க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வந்தது, கூடவில்லை. ஆகவே டாக்டர் "பத்து நாள் பார்ப்போம்" என்று சொன்னால் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

*

கேள்வி: நான் ஹவுஸ் சர்ஜன். எங்கள் கேஷுவாலிட்டியில் ஒரே ஒரு வீடியோ லாரிஞ்சோஸ்கோப் இருக்கிறது, அதையும் பூட்டி வைத்திருக்கிறார்கள். "பழைய பிளேடில் போடத் தெரியாதவன் டாக்டரா?" என்கிறார் ஒரு சீனியர். அவர் சொல்வது சரியா?
– நாகர்கோவில்

மக்களே, சீனியரிடம் சண்டைக்குப் போகாதே. ஆனால் அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டு வை.

லாரிஞ்சோஸ்கோப் என்பது குழாய் போடும்போது தொண்டைக்குள் பார்க்கும் கருவி. அவர் சொல்லும் பிளேடு 1943-ல் மக்கின்டாஷ் வடிவமைத்தது. வளைந்த தகடு, நுனியில் விளக்கு. நாக்கை ஒதுக்கித் தூக்கி, கண்ணால் நேராகக் குரல் நாண்களைப் பார்க்க வேண்டும். நானும் அதில்தான் படித்தேன், இன்றும் கை அதைத்தான் தேடும். வீடியோ லாரிஞ்சோஸ்கோப்பில் நுனியிலேயே கேமரா இருக்கும், நீ திரையைப் பார்த்துப் போடலாம். பக்கத்தில் நிற்கும் சீனியரும் அதே காட்சியைப் பார்க்கலாம். கற்றுக்கொடுக்கிற எனக்கு அந்த வசதிதான் பெரிதாகத் தெரிகிறது.

2023-ல் வந்த டிவைஸ் என்ற ஆய்வு அமெரிக்காவின் 17 அவசரப் பிரிவுகளிலும் ஐ.சி.யூ.க்களிலும் நடந்தது. 1,417 நோயாளிகள். முதல் முயற்சியிலேயே குழாய் சரியாகப் போனது வீடியோவில் 85.1 சதவீதம், பழைய பிளேடில் 70.8 சதவீதம். குழாய் போட்டவர்களில் பெரும்பாலோர் உன்னைப் போலப் பயிற்சியில் இருந்தவர்கள். முதல் முயற்சிக்கு நான் ஏன் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேன் தெரியுமா? ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் தொண்டை வீங்கும், ரத்தம் கசியும், ஆக்சிஜன் இறங்கும். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரிய சிக்கல்கள் இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. வாந்தியோ ரத்தமோ கேமராவை மறைத்துவிட்டால் உனக்குப் பழைய பிளேடுதான் கதி. அதனால் இரண்டையும் பழகு.

பூஜி என்கிற நீண்ட மெல்லிய வழிகாட்டிக் குச்சியைப் பற்றியும் கேட்டிருந்தாய். 2018-ல் மினியாபொலிஸில் ஒரே ஒரு ஆஸ்பத்திரியில் நடந்த ஆய்வில், பூஜி வைத்து முதல் முயற்சியில் 98 சதவீதம் வெற்றி, குழாய்க்குள் செருகும் ஸ்டைலட் கம்பி வைத்து 87. எல்லோரும் பூஜி வாங்கி வைத்தார்கள். 2021-ல் பல ஆஸ்பத்திரிகளில் 1,102 பேரிடம் பார்த்தபோது பூஜிக்கு 80.4, ஸ்டைலட்டுக்கு 83. அந்த முதல் ஆஸ்பத்திரியில் பூஜி தினமும் கையில் எடுக்கிற சாமான். மற்ற இடங்களில் பலருக்கு அது எப்போதாவது எடுப்பது. முட்டம் கடலில் பிறந்து வளர்ந்தவன் துடுப்புப் போடுவதும் நான் துடுப்புப் போடுவதும் ஒன்றாகுமா? பொம்மையில் நூறு தடவை பூஜி போட்டுப் பழகிய பிறகு நோயாளியிடம் போ.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். எதை வைத்துப் போட்டாய் என்பதைவிட, எங்கே போட்டாய் என்பதை எப்படி உறுதி செய்தாய் என்றுதான் உன்னிடம் கேட்பேன்.

நான் படிப்பை முடித்த இரண்டாம் வருடம். ஊரும் ஆஸ்பத்திரியும் வேண்டாம். பூச்சி மருந்து குடித்த ஒருவர், வாயெல்லாம் நுரை. குழாய் போட்டேன். ஸ்டெதாஸ்கோப் வைத்தேன், இரண்டு பக்கமும் காற்று கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டேன். விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவி 97 காட்டியது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தபோது அங்கே இருந்த மூத்த சிஸ்டர் மெதுவாக, "டாக்டர், வயிறு உப்பிக்கிட்டு வருது" என்றார். நான் அசட்டை செய்தேன். மறுபடி சொன்னார். அதற்குள் 97 என்பது 80 ஆகி, 60 ஆனது. குழாயை உருவினேன். அது உணவுக்குழாயில் இருந்தது. கையால் அழுத்தும் பையான ஆம்பு பேக்கை வைத்து மூச்சுக் கொடுத்து, மறுபடி போட்டேன். அவர் பிழைத்தார். அந்த சிஸ்டர் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் பிழைத்திருக்க மாட்டார்.

ஆக்சிஜன் காட்டும் கருவி நம்மை இப்படித்தான் ஏமாற்றும். முன்பே கொடுத்த ஆக்சிஜன் உடம்பில் இருக்கிற வரை அது நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். பொய் சொல்லாதது கேப்னோகிராஃப். வெளிவரும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறதா என்று அலைகோடாகக் காட்டும். நுரையீரலுக்குள் போயிருந்தால் மூச்சுக்கு மூச்சு அலை எழும். ஏழு மூச்சாவது தொடர்ந்து வர வேண்டும் என்று 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. கோடு படுத்தே கிடந்தால் குழாய் தப்பான இடத்தில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள். நோயாளியின் இதயம் நின்றுபோனதால் அலை வரவில்லை என்று உனக்கு நீயே சமாதானம் சொல்லாதே. நெஞ்சை ஒழுங்காக அழுத்திக்கொண்டிருந்தால், இதயம் நின்றவருக்கும் சிறிய அலையாவது வரும்.

உங்கள் கேஷுவாலிட்டியில் அந்தக் கருவி இருக்கிறதா என்று நீ எழுதவில்லை. இல்லையென்றால், வீடியோ கேட்டு மனுப் போடுவதற்கு முன்பு இதைக் கேட்டுப் போடு.

*

கேள்வி: கெட்டமைனா எட்டோமிடேட்டா? எட்டோமிடேட் அட்ரினல் சுரப்பியை முடக்கும் என்று படித்தோம். அப்புறம் ஸ்கோலினா ரோக்குரோனியமா? குழித்துறைப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி பார்க்கிறேன்.
– இளம் மருத்துவர்

பொது வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. முதல் இரண்டும் தூங்க வைப்பவை. அடுத்த இரண்டும் தசைகளைத் தளர்த்தி வாயைத் திறக்க விடுபவை.

நெருக்கடியில் உடம்பைத் தாங்கும் ஹார்மோன்களைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியை எட்டோமிடேட் அடக்குவது உண்மை. 2009-ல் பிரான்சில் வந்த ஆய்விலும் தெரிந்தது. அதனால் உயிர் போகிறதா என்பதுதான் கேள்வி. 2021-ல் டாலஸில் 801 பேரிடம் பார்த்தார்கள். ஏழாம் நாள் உயிரோடு இருந்தவர்கள் கெட்டமைனில் 85.1 சதவீதம், எட்டோமிடேட்டில் 77.3. ஆனால் 28-ம் நாளில் அந்த இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. 2025 டிசம்பரில் இன்னும் பெரிய ஆய்வு வந்தது, 2,365 பேர். 28 நாளுக்குள் இறந்தவர்கள் கெட்டமைனில் 28.1, எட்டோமிடேட்டில் 29.1. வித்தியாசம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் குழாய் போடும் நேரத்தில் ரத்த ஓட்டம் சரிந்தது கெட்டமைனில் 22.1, எட்டோமிடேட்டில் 17. "கெட்டமைன் அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும், பயமில்லாமல் போடலாம்" என்று நான் பத்து வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இனி அப்படிச் சொல்ல மாட்டேன். அட்ரினலின் தீர்ந்துபோய்க் கிடக்கும் உடம்பில் கெட்டமைன் தூக்கிப் பிடிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. எதைக் கொடுத்தாலும் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், அழுத்தம் ஏற்றும் மருந்தைச் சிரிஞ்சில் எடுத்துக் கையருகே வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஸ்கோலின், ரோக்குரோனியம் இரண்டில் முதல் முயற்சி வெற்றியில் ஸ்கோலின் சற்றே முன்னே இருந்தது. பிரான்சில் 2019-ல் ஆஸ்பத்திரிக்கு வெளியே 1,248 பேரிடம் பார்த்ததில் ஸ்கோலினில் 79.4 சதவீதம், ரோக்குரோனியத்தில் 74.6. ஸ்கோலின் பத்து நிமிடத்துக்குள் தெளியும், ரோக்குரோனியம் ஒரு மணி நேரம்கூட நிற்கும். ஆனால் உங்கள் பக்கத்துக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. வாழைக்கும் நெல்லுக்கும் அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் மருந்தைக் குடித்து வருபவருக்கு ஸ்கோலின் வேண்டாம். அதைச் சிதைக்கும் என்சைமை அந்த விஷம் ஏற்கெனவே முடக்கியிருக்கும், பத்து நிமிடம் என்பது பல மணி நேரமாகிவிடும். வெகுநாள் படுக்கையில் கிடப்பவர், பழைய தீக்காயக்காரர், சிறுநீரகம் பழுதாகிப் பொட்டாசியம் ஏறியவர் ஆகியோருக்கும் வேண்டாம்.

மருந்தைப் பற்றி இவ்வளவு கேட்ட நீங்கள் ஆக்சிஜனைப் பற்றி ஒரு வரியும் கேட்கவில்லை. 2024-ல் 1,301 பேரிடம் செய்த ஆய்வில், மருந்து கொடுக்கும் முன்பு சாதாரண முகமூடிக்குப் பதில் அழுத்தத்தோடு காற்றுத் தரும் பைபேப் முகமூடியை வைத்தார்கள். ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கியவர்கள் 18.5 சதவீதத்திலிருந்து 9.1 ஆகப் பாதியாகக் குறைந்தார்கள். பைபேப் இல்லையா? மருந்து கொடுத்த பிறகு குழாய் போடும் வரை ஆம்பு பேக்கால் மெதுவாக மூச்சுக் கொடுங்கள். 2019-ல் 401 பேரிடம் பார்த்ததில் ஆக்சிஜன் மிக மோசமாக இறங்கியவர்கள் 22.8-லிருந்து 10.9 ஆனார்கள், வாந்தி நுரையீரலுக்குள் போவது கூடவும் இல்லை. நான் படித்த காலத்தில் அந்த ஒரு நிமிடம் பையைத் தொட்டால் கையில் அடிப்பார்கள். ஆம்பு பேக் உங்கள் ஆஸ்பத்திரியிலும் இருக்கும். அதை முகத்தில் காற்றுக் கசியாமல் பிடிக்கப் பழகியவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

*

கேள்வி: பேரனுக்கு மூன்று வயது. சக்கைக் கொட்டையை (பலாக்கொட்டை) வாயில் போட்டு அடைத்துக்கொண்டான். தலைகீழாகத் தூக்கிக் குலுக்கினோம், வந்துவிட்டது. செய்தது சரிதானா?
– பாட்டி, திங்கள்சந்தை

பிள்ளை நன்றாக இருக்கிறான், அதுவே போதும் அம்மா. இனிமேல் தலைகீழாகத் தூக்க வேண்டாம். இருமவோ அழவோ முடிந்தால் இரும விடுங்கள். சத்தமே வராமல் முழித்தால், குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்ளேயும் மேலேயுமாக ஐந்து அழுத்து. மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது, நெஞ்சை அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் தேடவே கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். இவன் இப்போதும் இருமிக்கொண்டிருந்தால், ஒரு பக்கம் மட்டும் இழுப்புக் கேட்டால், ஒரு துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். காட்டிவிடுங்கள்.

*

கேள்வி: பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறேன். போன மாதம் கூட வேலை செய்தவருக்குக் கட்டுவிரியன் கடித்து, வென்டிலேட்டரில் வைத்தார்கள். விஷமுறிவு மருந்து போட்டும் ஏன் குழாய்? இமைகூட அசையவில்லை, மூளை செத்துவிட்டது என்று ஊரில் பேச்சு. நல்லவேளை, எழுந்து வந்துவிட்டார்.
– வாசகர், குலசேகரம்

அண்ணே, என் அப்பாவும் பால்வெட்டுக்காரர்தான். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். அவர் திரும்பி வரும் வரை அம்மா கதவடியிலேயே இருப்பாள். அதனால் உங்கள் கடிதம் எனக்கு வெறும் கடிதம் இல்லை.

கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, பல் பதிந்த தடம்கூடத் தெரியாது. வயிற்று வலி என்று எழுந்திருப்பார். அப்புறம் இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும், கடைசியில் மூச்சுத் தசை நிற்கும். அதன் விஷம் நரம்பு நுனியையே சிதைக்கிறது. நம் ஊர் விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் விஷத்தைப் பிடிக்கும். ஏற்கெனவே சிதைந்த நுனியைச் சரிசெய்யாது. அது தானாக வளர்ந்து வர நாட்கள் ஆகும். அந்த நாட்களைக் கடத்தத்தான் குழாயும் வென்டிலேட்டரும். நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், குழாய் போட்டதற்காக இவ்வளவு முழுமையான பலன் கிடைக்கிற நோய் வேறு அதிகம் இல்லை. இருந்தபடியே எழுந்து வீட்டுக்குப் போவார்கள்.

இமை தொங்கினாலே மூச்சு நிற்கப் போகிறது என்று எண்ணி 108-ஐக் கூப்பிடுங்கள். கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது, விஷகாரி வைத்தியரிடம் கொண்டுபோய் நேரத்தைத் தொலைப்பது எதுவும் வேண்டாம். தண்ணீரோ காப்பியோ வாயில் ஊற்றாதீர்கள், விழுங்க முடியாதவருக்கு அது நேரே நுரையீரலுக்குப் போகும். பைக்கில் இருவருக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள். கழுத்துத் தசை தளர்ந்தவரின் தலை முன்னால் தொங்கி மூச்சுப் பாதை மடங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஆம்புலன்சில் வரும்போது மூச்சு நின்றால் அந்தத் தம்பிகள் ஆம்பு பேக்கால் மூச்சுக் கொடுப்பார்கள், அல்லது ஐ-ஜெல் என்ற குழாயைக் குரல்வளைக்கு மேலே வைப்பார்கள். "உள்ளே போடத் தெரியாதா?" என்று அவர்களோடு சண்டை போடாதீர்கள். மலை ரோட்டில் ஓடுகிற வண்டியில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் வரை அது பல நேரம் போதும்.

மூளை செத்துவிட்டது என்ற பேச்சைப் பற்றி. இந்த விஷத்தில் கண்மணிகூட வெளிச்சத்துக்குச் சுருங்காமல் போகலாம், விரல் நுனிகூட அசையாது. ஆனால் உள்ளே ஆள் விழித்திருக்கலாம், காது கேட்கும். அதனால் நாங்கள் தூக்க மருந்து கொடுக்கிறோம். கட்டில் பக்கத்தில் நின்று பயமுறுத்தும் பேச்சுப் பேசாதே என்று ஒவ்வொரு புது மாணவரிடமும் சொல்கிறேன்.

உங்கள் பக்கத்துப் பால்வெட்டுக்காரர் ஒருவர் ஒன்பது நாள் எங்கள் வென்டிலேட்டரில் கிடந்தார். அவர் மனைவி பார்வை நேரத்தில் வந்து, காதருகே குனிந்து, அன்றைக்கு எத்தனை கிலோ ஒட்டுப்பால் சேர்ந்தது, எத்தனை ரப்பர் ஷீட் காயப்போட்டேன் என்று சொல்லிவிட்டுப் போவார். சும்மா எதற்கு என்று சிலர் கேட்டார்கள். பத்தாம் நாள் காலையில் குழாயை எடுத்தேன். தொண்டை கம்மி, குரல் வரவில்லை. வாயருகே காதை வைத்துக் கேட்டேன்.

"அந்த நாற்பது ஷீட்டை வித்தாளா?" என்றார்.